எழுதத்தான் முகாம்: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடு எழுதும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பலவும் எழுத்து முகாம், எழுத்துதவி மையம், நெறியாளர் ஆகிய மூன்றையே சுற்றி வந்தன. மற்றவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். கல்வியியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். போன வருடம் துறையில் நடத்திய மூன்று நாள் எழுத்து முகாமுக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். முதல் நாள் கட்டுரைகளைத் தரவிறக்கினேன், இரண்டாம் நாள் படித்தேன், மூன்றாம் நாள் ஏற்கெனவே எழுதியதைத் திருத்தினேன். புதிதாக இரண்டு பக்கம்கூடத் தேறவில்லை. இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா? — சாட்ஸ்வொர்த் வாசகி

கட்டாயம் போங்கள். ஆனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பட்டறை வேறு, முகாம் வேறு. பட்டறையில் ஒருவர் சொல்லிக்கொடுப்பார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். முகாமில் யாரும் பாடம் நடத்துவதில்லை. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, அவரவர் வேலையை எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ரொவீனா மரே வகுத்துப் பரப்பிய முகாம் முறை இதுதான். ஓர் அமர்வு ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம். தொடங்குமுன் என்ன எழுதப்போகிறோம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். முடிந்ததும் எவ்வளவு ஆயிற்று என்று சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். ஆனால் வாய்விட்டுச் சொன்ன வேலையை விட்டுவிட்டு மின்னஞ்சலைத் திறக்க யாருக்கும் மனம் வராது. முகாமின் பலம் பாதி அங்கேதான் இருக்கிறது.

முகாம் உங்களுக்கு நேரம் தரும். எதை எழுதுவது என்ற முடிவைத் தராது. போன வருடம் உங்களுக்கு நடந்தது அதுதான்: அந்த முடிவை எடுக்காமல் போனதால், அதை எடுப்பதிலேயே மூன்று நாளும் கரைந்துவிட்டன.

"இரண்டாம் அத்தியாயம் எழுதுவேன்" என்று போகாதீர்கள். அத்தியாயத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு என்பது ஒரே ஒரு கேள்விக்கு 300 முதல் 400 சொல்லில் பதில். வீட்டில் இசிசூலு பேசிவிட்டுப் பள்ளியில் ஆங்கிலத்தில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி உங்கள் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். "முன்னாய்வுகள்" என்பது துண்டு ஆகாது. "ஆசிரியர் இரண்டு மொழியையும் கலந்து பேசுவதைப் பற்றி ஆய்வாளர்கள் எதில் ஒத்துப்போகிறார்கள்?" என்பது ஒரு துண்டு. "எதில் முரண்படுகிறார்கள், ஏன்?" என்பது அடுத்தது. "ஒன்பதாம் வகுப்பைப் பற்றி அவர்கள் சொல்லாமல் விட்டது என்ன?" என்பது மூன்றாவது. இப்படிக் கேள்வியாக எழுதிக்கொண்டால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது இரண்டும் தெரிந்துவிடும்.

மூன்று நாளுக்கு எட்டுத் துண்டு போதும். பதினைந்து எடுத்துப் போனால் இரண்டாம் நாள் மதியமே "எங்கே முடியப்போகிறது" என்று சோர்வு தட்டிவிடும். மிச்ச நாளும் வீண். எட்டும் முடிந்தால் கையில் ஏறக்குறைய 2,800 சொல் இருக்கும். முதல் வரைவுக்கு அது நல்ல அறுவடை.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தாள் எடுங்கள். மேலே கேள்வி. அதன் கீழே நீங்கள் பயன்படுத்தப்போகும் நான்கைந்து நூல் அல்லது கட்டுரை, பக்க எண்ணோடு. ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று உங்கள் வார்த்தையில் ஒரு வரி. அடியில், இந்தத் துண்டு எந்த வாக்கியத்தில் முடியும் என்று உத்தேசமாக ஒன்று. உத்தேசம் பிறகு மாறலாம், பரவாயில்லை. படிப்பு இந்தத் தாளோடு முடிந்தது. முகாமில் புதுக் கட்டுரை எதையும் திறக்கக் கூடாது. எழுதும்போது ஒரு சான்றோ ஆண்டோ நினைவுக்கு வரவில்லையா? அந்த இடத்தில் @@ என்று போட்டுவிட்டு மேலே போங்கள். மாலையில் அந்தக் குறியைத் தேடினால் விட்ட இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு சான்றைத் தேட இணையத்துக்குள் போனவர் நாற்பது நிமிடம் கழித்து வேறொரு கட்டுரையின் ஏழாம் பக்கத்தில்தான் இருப்பார்.

அமர்வுக்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டும். முதல் ஐந்து நிமிடம் கணினியைத் தொடாமல், "இந்தத் துண்டில் நான் சொல்ல வருவது…" என்று தொடங்கிக் கையால் எழுதுங்கள். பிறகு தட்டச்சு. முதல் பத்தியைத் திரும்பத் திரும்பச் செதுக்குகிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்குங்கள். துண்டு முடிந்த பிறகு முதல் பத்தி தானாக வரும். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நிறுத்தி, அடுத்து வரவேண்டிய வாக்கியத்தைக் குறித்து வையுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து உட்காரும்போது வெற்றுத் திரை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்காது.

கடைசி நாளின் கடைசி அரை மணி எழுத்துக்கு அல்ல, நாட்காட்டிக்கு. அடுத்த நான்கு வாரங்களில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு உட்காரப்போகிறீர்கள் என்று அங்கேயே குறியுங்கள். இதைச் செய்யாதவர்களின் முகாம் வரைவு அடுத்த முகாம் வரை அப்படியே கிடக்கும்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர், வெவ்வேறு துறை. டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் விடுதி எடுத்துத் தங்க வசதியில்லை. எங்கள் கோவில் மண்டபத்தை ஒட்டிய அறை சனி, ஞாயிறு கிடைக்கும் என்கிறார்கள். நாங்களே முகாம் நடத்த முடியுமா? — ஃபீனிக்ஸ் வாசகர்

தாராளமாக. மலையும் ஓடையும் மனதுக்கு இதம்தான். ஆனால் சாத்தக்கூடிய கதவு, சரியான உயரத்தில் மேசை, மின்சாரம், கழிவறை, சமையலைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் — இவை இருந்தால் எந்த இடமும் முகாம்தான். துறை வெவ்வேறாக இருப்பதும் நல்லதே. பக்கத்தில் இருப்பவர் உங்கள் கோட்பாட்டைப் பற்றி வாதிட வரமாட்டார். எழுதினாயா, இல்லையா என்றுதான் கேட்பார்.

முதலில் மண்டபத்தில் அந்த வாரக் கடைசியில் கல்யாணமோ காவடியோ பஜனையோ இருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி போட்டுவிட்டால் அன்றைய நாள் போயிற்று.

ஒருவர் மணிக்காரர். அவர் சொல்லே சட்டம். சனிக்கிழமை காலை 9:00 மணிக்கு அரை மணி நேரம் அறிமுகமும் இலக்கும். 9:30 முதல் 11:00 வரை எழுத்து. அரை மணி தேநீர். 11:30 முதல் 12:30 வரை எழுத்து. ஒரு மணி நேரச் சாப்பாடு, அதன்பின் வெளியே இருபது நிமிட நடை. 2:00 முதல் 3:30 வரை எழுத்து, அரை மணி தேநீர், 4:00 முதல் 5:00 வரை கடைசி அமர்வு. ஆக ஐந்து மணி நேர எழுத்து. "இன்னும் தெம்பிருக்கிறது, இரவும் எழுதலாம்" என்று சிலர் கிளம்புவார்கள். விடாதீர்கள், இரவு எழுதியவர் ஞாயிறு காலை அமர்வைத் தூக்கத்தில் கழிப்பார். ஞாயிறு மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். சாதாரண மடிக்கணினி 65 வாட் என்று வைத்தால் எட்டுக்கும் சேர்த்து 520 வாட். ஒரு சுவர்ப் பிளக்கே தாங்கும். ஆனால் மின்கெட்டில் ஒன்றே 2,000 வாட்டைத் தொடும். ஜூலைக் குளிருக்கு 1,500 வாட் ஹீட்டரையும் அதே மல்டிபிளக்கில் மாட்டினால் மொத்தம் 4,000 வாட்டைத் தாண்டிவிடும். 16 ஆம்பியர் பிளக்கின் வரம்பு 230 வோல்ட்டில் 3,680 வாட்தான். ஒன்று ட்ரிப் ஆகும், அல்லது மல்டிபிளக் உருகும். கெட்டிலும் ஹீட்டரும் வேறு சுற்றில் இருக்கட்டும். லோட்ஷெடிங் வருமோ என்ற பயம் இருந்தால் எல்லாரும் முதல் நாள் இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். கோப்புகள் கணினியிலேயே இருக்க வேண்டும், இணைய மேகச் சேமிப்பில் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வோர் அமர்வு முடிவிலும் ஒரு பிரதியை யூஎஸ்பியில் போட்டுக்கொள்வது அரை நிமிட வேலை.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். எட்டுப் பேருக்கு அரிசி 600 கிராம், மைசூர்ப் பருப்பு 300 கிராம் போட்டுக் கிச்சடி, தக்காளிச் சட்னி, தயிர் — மதியத்துக்கு இது போதும். பிரியாணி போட்டால் இரண்டு மணி அமர்வில் எட்டுத் தலையும் மேசையில் கவிழும். அதை ஞாயிறு முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி என்றால் எப்படியும் எல்லாருக்கும் மரக்கறிதான், சிக்கலே இல்லை. முக்கியமானது ஒன்று: எழுத வந்தவர்களே சமைக்கக் கூடாது. பெண்கள் மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அவர்களும் ஆய்வேடு எழுதத்தான் வந்திருக்கிறார்கள். உறவினர் யாரையாவது கேளுங்கள், இல்லையென்றால் கடையில் வாங்குங்கள்.

கைபேசிகள் ஒரு பெட்டிக்குள். அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட மணிக்காரரின் எண் மட்டும். செலவைத் தலைக்குப் பிரித்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பணம் கட்டியவர் வந்துவிடுவார்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்திருக்கிறேன். என் ஆங்கிலம் சரியில்லை என்று நெறியாளர் எழுத்துதவி மையத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த ஆலோசகரும் ஒரு மாணவிதான். இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். பிறகு அந்த மையம் எதற்கு? — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த மாணவி செய்தது சரி. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் எழுத்துதவி மையங்களில் பெரும்பாலும் பயிற்சி பெற்ற மூத்த மாணவர்களே ஆலோசகர்கள். அவர்கள் திருத்துநர்கள் அல்லர். நீங்கள் சொல்ல வந்தது படிப்பவருக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டால் இலக்கணத் திருத்தத்தைவிட அதிகப் பலன் உண்டு.

நாற்பது பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு சந்திப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதற்குள் நான்கு பக்கம்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். அந்த நான்கு பக்கம், நெறியாளர் ஓரத்தில் எழுதிய குறிப்பு, உங்கள் கேள்வி ஒன்று — இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். "இது நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "மூன்றாம் பத்தியைப் படித்ததும் நான் என்ன வாதிடுகிறேன் என்று உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் வேறாக இருந்தால், சிக்கல் இருக்கும் இடம் அதுதான்.

நெறியாளர் "ஆங்கிலம் சரியில்லை" என்று சொல்லும் பல இடங்களில் உண்மையில் சரியில்லாமல் இருப்பது பத்தியின் கட்டு. முன்னாய்வுப் பகுதியில் இது அடிக்கடி வரும்: ஒருவர் இப்படிச் சொல்கிறார், இன்னொருவர் அப்படிச் சொல்கிறார், மூன்றாமவர் வேறுவிதமாகச் சொல்கிறார். ஆறு வாக்கியம், ஆறு பெயர், உங்கள் குரல் எங்கும் இல்லை. இதைச் சரிசெய்ய ஒரு வழி. எழுதி முடித்த பகுதியை அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்திக்கு மையம் இல்லை. இரண்டு வரி எழுத வேண்டியிருந்தால் பத்தியை இரண்டாகப் பிரியுங்கள். அடுத்தடுத்த இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போகலாம். பிறகு ஓர வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். வாதம் எங்கே தாவுகிறது என்று கண்ணில் படும். இதை முடித்த பிறகு, ஓர வரியை ஆங்கிலத்தில் மாற்றிப் பத்தியின் முதல் வாக்கியமாக வையுங்கள். ஆய்வாளர்களின் பெயர்கள் அதற்குக் கீழே, அந்த வாக்கியத்துக்குச் சான்றாக வரட்டும்.

வாக்கியப் பிழைகளுக்கு மொழித் திருத்துநர் என்று தனியாக ஆள் இருக்கிறார். அவருக்குக் கட்டணம் உண்டு. ஏட்டின் எல்லா அத்தியாயமும் நெறியாளர் ஒப்புக்கொண்ட பிறகே அவரிடம் போங்கள்; இடையில் கொடுத்தால் அடுத்த திருத்தத்தில் அந்தப் பணம் வீணாகும். குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். இலக்கணம், நிறுத்தக்குறி, சீரான எழுத்துக்கூட்டல் இவற்றைத் திருத்தலாம். வாதத்தை மாற்றவோ புதிதாக எழுதிச் சேர்க்கவோ கூடாது. திருத்தம் செய்ததற்கு அவரிடமிருந்து சான்றுக் கடிதம் கேட்கும் துறைகள் உண்டு, முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே எச்சரிக்கை. உங்கள் பல்கலைக்கழக விதி என்ன அனுமதிக்கிறது என்று படித்துவிட்டு, பயன்படுத்தியதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அவை தரும் சான்றுப் பட்டியலில் உலகத்திலேயே இல்லாத நூல்களும் வரும். நீங்கள் கையில் எடுத்துப் பார்க்காத எதையும் ஏட்டில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் கப்பல் பட்டியல்களை வைத்து முதுகலை ஆய்வு செய்கிறேன். ஒரு வருடமாகக் குறிப்பெடுக்கிறேன். அட்டவணையில் 1,900 பெயர் சேர்ந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் "இன்னும் ஒரு கப்பலைப் பார்த்துவிட்டு எழுதலாம்" என்று தோன்றுகிறது. — டர்பன் வாசகர்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். இன்னொரு கப்பல், இன்னொரு கப்பல் என்று போனால் ஆயுள் போதாது. உங்கள் கேள்விக்கு 1,900 பெயர் போதுமா என்று நெறியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்து, எந்தக் கப்பல்கள், ஏன் அவை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் முதல் பக்கமும் அதுதான். ஆய்வுமுறை அத்தியாயத்துக்கு நேராகப் போய்விடும்.

இப்படிப்பட்ட ஆய்வுக்கு முன்னுரையிலிருந்து தொடங்குவது தவறான வழி. அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். பட்டியலில் குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஊர், மாவட்டம், உடல் அடையாளம் என்று கட்டங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு கட்டத்தை எடுங்கள், வயது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு சிறு அட்டவணை. அதற்கு நான்கு வாக்கியம்: இது என்ன அட்டவணை, இதில் மிகப் பெரிதாகத் தெரிவது எது, அதற்கு ஒத்துவராத விதிவிலக்கு எது, இந்த அட்டவணையால் சொல்ல முடியாதது எது. நான்காவதை விட்டுவிடாதீர்கள். வயதைச் சொன்னவர் யார், எழுதியவர் கேட்டு எழுதினாரா, பார்த்து மதிப்பிட்டாரா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும். உங்கள் ஆய்வின் சுவையும் அங்கேதான். ஓர் அமர்வுக்கு ஓர் அட்டவணை, நான்கு வாக்கியம், பிறகு அவற்றை விரித்து ஒரு பக்கம். பத்து அமர்வில் முடிவுகள் அத்தியாயத்தின் எலும்புக்கூடு எழுந்து நிற்கும்.

உங்கள் துறைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: பெயர். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி ஒரு பட்டியலில் மூன்சாமி, இன்னொன்றில் முனிசாமி. கவுண்டர் இன்று கோவேந்தர், முதலியார் இன்று மூட்லி. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு முறை, ஐந்தாம் அத்தியாயத்தில் வேறு முறை என்று எழுதிவிட்டால் புறத்தேர்வாளர் முதலில் பிடிப்பது அதைத்தான். ஒரு சிறு நோட்டு வையுங்கள். தேதி, எடுத்த முடிவு, காரணம் — மூன்று கட்டம். "மேற்கோளில் பட்டியலில் உள்ளபடி, என் விவரிப்பில் தமிழ் வழக்குப்படி" என்பது போல எல்லா முடிவும் அதில் ஏறட்டும். ஆவணக் காப்பகத்துக் கோப்பின் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் அட்டவணையில் தனிக் கட்டமாக இன்றே சேர்த்துவிடுங்கள். பிறகு தேடலாம் என்று விட்டால் இரண்டாம் முறை காப்பகத்துக்கு நடக்க வேண்டிவரும்.

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகள், முழுநேர வேலை, தொலைநிலையில் முனைவர் பட்டம். மூன்று நாள் வீட்டை விட்டுப் போக வழியே இல்லை. எனக்கு ஏதாவது வழி உண்டா? மற்றவர்கள் நான்கு வருடத்தில் முடிக்கிறார்களே என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. — லெனேசியா வாசகி

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்நாட்டில் முனைவர் பட்டத்துக்கு 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர வேலை என்று கணக்கு. ஆக 3,600 மணி நேரம். வாரத்துக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 46 வாரம் என்றால் 552 மணி. ஆறரை வருடம் ஆகும். வாரம் 15 மணி கிடைத்தால் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. நீங்கள் பின்தங்கவில்லை, உங்களுக்குக் கிடைக்கும் மணிகள் குறைவு. பதிவுக்காலத்தையும் உதவித்தொகையையும் இந்தக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். நீட்டிப்புக் கேட்க வேண்டியிருந்தால் காலம் முடியும் முன்பே, இந்த எண்களோடு விண்ணப்பியுங்கள்.

முகாமை வீட்டுக்குள் கொண்டுவரலாம். வாரநாளில் மூன்று நாள், பிள்ளைகள் எழுமுன் 4:45 முதல் 5:30 வரை. சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கு வெளியே. நூலகமோ தங்கை வீடோ எதுவானாலும் சரி. நாற்பத்தைந்து நிமிடத்துக்கு 350 சொல் துண்டு பெரிது, அதையும் பாதியாக்குங்கள். உங்களைப் போன்ற இன்னும் இருவரோடு காணொளி அழைப்பைத் திறந்து, இலக்கைச் சொல்லிவிட்டு ஒலியை அணைத்துவிட்டு எழுதுவது நன்றாக வேலை செய்கிறது. வேலை பார்க்கும் இடத்தில் ஆய்வு விடுப்பு உண்டா என்றும் விசாரியுங்கள். பலரும் அதைக் கேட்பதே இல்லை.

கேள்வி: நெறியாளருக்கு அத்தியாயம் அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. பதிலே இல்லை. திரும்பக் கேட்கவும் பயமாக இருக்கிறது. — வெஸ்ட்வில் வாசகர்

மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. பதிவு செய்யும்போது மாணவரும் நெறியாளரும் கையெழுத்திடும் உடன்பாடு பல பல்கலைக்கழகங்களில் உண்டு. திருத்தக் குறிப்பு எத்தனை நாளில் வரவேண்டும் என்று அதில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். இருந்தால் அந்த வரியைச் சுட்டிச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் துறையின் உயர்பட்ட ஒருங்கிணைப்பாளரிடம் போகலாம். மின்னஞ்சல்களைப் பத்திரமாக வையுங்கள்.

அனுப்பும் முறையிலும் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். அறுபது பக்க இணைப்பைப் பார்த்ததும் "நேரம் கிடைக்கும்போது" என்று எவரும் ஒதுக்கி வைப்பார்கள். பன்னிரண்டு பக்கம் அனுப்புங்கள். மேலே அரைப் பக்கக் குறிப்பு: இது ஏட்டில் எங்கே வருகிறது, போன முறை நீங்கள் சொன்னதில் எதை மாற்றினேன், எதை ஏன் மாற்றவில்லை, இப்போது எனக்கு முடிவு வேண்டிய இரண்டு கேள்வி எவை. கூடவே சந்திப்புக்கு இரண்டு தேதி. ஒப்படைக்கும் நோக்கத்தை மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்கச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. உங்களுடையதும் அப்படி என்றால் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அத்தியாயத் தேதிகளைப் போட்டு, அந்த ஒரு பக்கத்தை நெறியாளருக்கும் கொடுங்கள்.

கேள்வி: ஆங்கில ஏட்டில் தமிழ் மேற்கோள் நிறைய வருகிறது. என் கணினியில் சரியாகத் தெரிகிறது, நெறியாளர் கணினியில் கட்டம் கட்டமாக வருகிறது. — டோங்காட் வாசகி

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கக்கூடும், அல்லது பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கக்கூடும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பையாகத்தான் தெரியும். எல்லா மேற்கோளையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துரு மாற்றி மென்பொருளால் மாற்றிய பிறகு கொம்பு, கால், ஔகாரம் இவற்றைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். மாற்றி அதிகம் தவறுவது அங்கேதான். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருக்களை உள்ளே பதிக்கும் தெரிவைப் போட்டு, வேறொருவர் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். ரோமன் எழுத்தில் பெயர்ப்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையை எடுத்துக்கொண்டால் தேர்வாளருக்குக் குழப்பம் இராது: நெடிலுக்கு மேல்கோடு, ளகரத்துக்கு அடிப்புள்ளி இட்ட எல், ழகரத்துக்கு அடிக்கோடு இட்ட எல். இந்தக் குறிகளை ஒவ்வொரு முறையும் தேடி ஒட்டாமல், சொற்செயலியின் தானியங்கித் திருத்தத்தில் சுருக்கமாகப் பதிந்துவைத்தால் வேலை மிச்சம். எழுதும் அமர்வில் இதைத் தொடாதீர்கள். தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டு @@ போட்டு வைத்து, மாலையில் மாற்றிக்கொள்ளுங்கள்.